கஞ்சாவின் மயக்கப்பொருள்

அபினியின் மயக்கத்துக்குக் காரணமான மோர்பீனைச் செர்த்தூர்ணர் என்னும் ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்தார். கொக்கா இலையினின்று கொக்கெயின் 1860ஆம் ஆண்டளவிற் கிடைத்தது. ஆனால், மனிதர் தொன்றுதொட்டு அறிந்த கஞ்சாவில் மயக்கந் தருவது எதுவென்பது 1964 வரை தெளிவாகவில்லை. இத்தாமதத்தின் காரணம் யாது?

முயன்றவர் இல்லாமையன்று. ஓஷோனசி என்னும் ஐரிஷ் மருத்துவர் 1839இற் கல்கத்தாவிலிருந்து, ஏற்புவலி, வாதம் முதலிய நோய்களிற் கஞ்சாவின் பயனை எடுத்துரைத்தார். அதன்பின் மேனாட்டு மருந்துச்சாலைகளிலும் கஞ்சாச் சாரம் இடம்பெற்றது. எனினும், ஒரு போத்தலின் வீரியம் மற்றொன்றில் இருப்பதில்லை. உட்பொருளை அறியாதவிடத்து அளவை வகுப்பது எங்ஙனம்?

மோர்பீனும் கொக்கெயினும் நைதரசன் கொண்டவை. அமிலத்துடன் சேர்ந்து உப்பாகிப் பளிங்காகத் திரள்வன. கஞ்சாவின் பொருளோ நைதரசனற்றது. நீரிற் கரையாத பிசின் போன்றது. தன்னையொத்த பல பொருள்களுடன் கலந்து கிடப்பது. 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ரொஜர் அடம்ஸும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டொட்டும் அதனை அணுகினரேயன்றித் தூய நிலையில் அடைந்திலர்.

இதற்கிடையிற் சட்டம் முந்திக்கொண்டது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கஞ்சாவை ஹெரோயினுடன் ஒரே கடும் அட்டவணையிற் சேர்த்தது. எப்பொருளைக் கண்டு அஞ்சினரோ அப்பொருளின் அமைப்பை அன்று எவரும் அறியார்.

மூன்றாண்டுகளின் பின், இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுநிலையத்தில் ரபாயேல் மெக்கூலம், யெஹியேல் கயோனி ஆகிய இருவரும் அதனைத் தூய்மையாகப் பிரித்து அமைப்பையும் வெளியிட்டனர். பொலிசார் கைப்பற்றியிருந்த ஐந்து கிலோ கஞ்சாப் பிசினை மெக்கூலம் பஸ் வண்டியிலேயே எடுத்துச் சென்றார் என்பது சுவையான செய்தி. டெட்ராஹைட்ரோகன்னாபினோல் என்பது அப்பொருளின் பெயர்.

அதன்பின் தேடியவர்கள் 1988இல் மூளையில் அது பொருந்தும் இடத்தைக் கண்டனர். 1992இல் மூளை தானே சுரக்கும் ஒத்த பொருளொன்று வெளிப்பட்டது. அதற்கு வடமொழியின் 'ஆனந்தம்' என்னும் சொல்லைக் கொண்டு ஆனந்தமைட் எனப் பெயரிட்டனர்.

இவ்வறிவு கஞ்சாவைக் குற்றமற்றதாக்கிவிடவில்லை. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தணிக்க 1985இல் அமெரிக்கா அனுமதித்ததும், மிகுதியாக உட்கொள்வோரின் மனத்தைக் கலக்குவதும் ஒரே பொருள்தான். ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு 2020இற் கஞ்சாவை அக்கடும் அட்டவணையினின்று நீக்கிற்று. ஆயினும் கட்டுப்பாட்டினின்று விடுவிக்கவில்லை. தடுக்கவேண்டுவது எது, மருந்தாகக் கொள்ளத்தக்கது எவ்வளவு என அளந்து தீர்மானிக்கும் வழி, பொருள் இன்னதென்று அறிந்த பின்னரே மனிதருக்குக் கிட்டியது.