வாக்கியக் கணிதமும் கணிப்பொறியும்: வாரனின் பதிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கோலார் தங்க வயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஜான் வாரன் என்னும் பெயரிலிருந்தே தொடங்குவர். மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க 1802இல் வந்த இப்படை அலுவலர், உரிகாம் பகுதி மண்ணில் தங்கம் கிடைப்பதாகக் கேள்வியுற்றுப் பரிசு அறிவித்தார். ஊரார் வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து அவர் கண்முன்னே கழுவிக் காட்டினர். மாரிக்குப்பத்தில் குழிகளில் இறங்கிக் கல் வெட்டியோரையும் அவர் கண்டெழுதினார். 1804இல் அச்சேறிய அக்குறிப்பை 1871இல் படித்த லவெல் என்பார், 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். அதன்பின் எழுந்த சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாக வந்தனர். ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என ஆங்கிலம் கலந்த பெயர்கள் அவர்தம் ஊர்ப்பெயர்களாயின. நாள் பார்க்கவும் பெயர் வைக்கவும் அவர்கள் நாடியது தமிழ்ப் பஞ்சாங்கத்தையே.

அப்பஞ்சாங்கம் கணிக்கப்படும் முறையைப் பற்றியும் இதே வாரன் விரிவாக எழுதியுள்ளார் என்பது சுரங்க வரலாற்று நூல்களில் இடம்பெறாத செய்தி. 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை வகித்த அவர், 1807இல் சென்னையின் நெட்டாங்கைக் கணித்தவர். பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்த அவர் எழுதிய 'கால சங்கலித' 1825இல் சென்னைக் கல்லூரி அச்சகத்தில் வெளியாயிற்று. தென்னிந்தியர் காலத்தைப் பகுக்கும், கணிக்கும் முறைகளைத் தொகுத்துரைப்பது அந்நூல்.

இந்நூலில் மொழியியலாரின் கவனத்துக்குரிய பகுதி ஒன்று உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை வாரன் அழைத்து, சந்திர கிரகணம் ஒன்றைத் தம் முன்னிலையில் கணித்துக் காட்டச் செய்தார். கணிதரின் பெயரை வாரன் ஆங்கிலத்தில் எழுதியுள்ள விதத்தைக் கொண்டு அதனைச் சாமிநாதன் சேஷய்யா எனக் கொள்ளலாம். அவர் தாளையும் எழுதுகோலையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, சில சொற்களையும் அசைகளையும் நினைவிலிருந்து கூறி, சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் விடையை எட்டினார். கணிக்கப்பட்ட கிரகணம் 1825 மே 31 - ஜூன் 1 இரவில் நிகழ்ந்தது. அவர் தந்த நேரம் தொடக்கத்துக்கு 4 நிமிடம் கூடுதலாகவும், நடுவுக்கு 23 நிமிடமும் முடிவுக்கு 52 நிமிடமும் குறைவாகவும் அமைந்தது. வானியல் கோட்பாட்டில் அக்கணிதருக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார்.

இக்கூற்றை இகழ்ச்சியாகக் கொள்வோர் உளர். அது பொருந்தாது. கோட்பாடு அறியாத ஒருவர் கிரகணத்தைக் கணிக்க முடிந்தது எனின், கணிப்புக்கு வேண்டிய யாவும் அச்சொற்களிலும் சோழிகளை நகர்த்தும் வரிசையிலும் நிறைந்திருந்தன என்பதே பொருள். கணிப்பொறிக்கும் வானியல் தெரியாது. நிரல் என இன்று வழங்கப்படுவது எதுவோ, அதுவே அன்று சேஷய்யாவின் நினைவில் இருந்தது. வாரன் எழுதிவைத்தது ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்றின் விளக்கம். வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியுகெபாயர் 1952இல் 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரையில் இதனை ஆராய்ந்தபோது, பிழையின் அளவைப் பொருட்படுத்தவில்லை. செலூக்கியர் காலத்துக் களிமண் பலகைகளோடும் உரோமப் பேரரசுக் காலத்தோடும் தொடர்புடைய ஒரு கணித மரபு 1825இலும் புதுச்சேரியில் உயிரோடு இருந்தது என்பதே அவரை வியக்கவைத்தது.

அம்மரபின் இயக்கத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். சந்திரன் புவிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். இத்தகைய 9 சுற்றுகள் 248 நாளுக்கு மிக நெருங்கியவை. 110 சுற்றுகள் 3031 நாளுக்கும், 449 சுற்றுகள் 12372 நாளுக்கும் நெருங்கியவை. எனவே, 248 நாளுக்குரிய சந்திர நிலைகள் ஓர் அட்டவணையாக அமைந்தால் போதும். கலியுகத் தொடக்கம் முதல் சென்ற நாள்களிலிருந்து நிலையான ஓர் எண்ணைக் கழித்து, எஞ்சியதை 12372ஆலும், அதில் மீதியை 3031ஆலும், மீண்டும் மீதியை 248ஆலும் வகுக்க, இறுதியில் நிற்பது அட்டவணையின் வரிசை எண். ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய சிறு திருத்தங்களைச் சேர்த்தால் சந்திரனின் இருப்பிடம் கிட்டும்.

248 இடங்களிலும் எண்கள் எழுதப்படவில்லை. வடமொழித் தொடர்களே உள்ளன. வாக்கியம் என்னும் பெயரும் வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் வழக்கும் இதனால் எழுந்தவை. இத்தொடர்களை வரருசிக்கு உரியனவாக மரபு கூறும். ஏறத்தாழ 1300ஐ ஒட்டித் தோன்றியதாகக் கருதப்படும் 'வாக்கியகரணம்' என்னும் நூலைத் தி. சு. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, அது 1962இல் சென்னையில் வெளியாயிற்று. சொல்லை எண்ணாக்கும் விதி கடபயாதி எனப்படும். க, ட, ப, ய என்பவற்றுக்கு 1. அடுத்தடுத்த மெய்களுக்கு 2, 3 என ஏறுமுகம். ஞகரமும் நகரமும் சுழியம். உயிருக்கு மதிப்பில்லை, சொல்லிறுதி ஒற்றும் எண்ணப்படாது. கமலம் என்பதில் க 1, ம 5, ல 3. வலமிருந்து படிக்க 351.

இவ்விதி தமிழெழுத்தில் நில்லாது. தமிழில் ககரம் ஒன்றே. வடமொழியில் அது நான்கு. கடபயாதியில் அந்நான்கும் 1, 2, 3, 4. மயிரைக் குறிக்கும் வடசொல்லும் யானையைக் குறிக்கும் வடசொல்லும் கிரந்த எழுத்தின்றி எழுதப்படுமிடத்துக் கசம் என்னும் ஒரே வடிவம் பெறும். ஆயின் முன்னதன் மதிப்பு 61, பின்னதன் மதிப்பு 83. தமிழெழுத்தில் மட்டும் எழுதப்பட்ட வாக்கியத்தைக் கொண்டு சந்திரனைத் தேடுபவர் வானின் வேறொரு மூலைக்குச் சென்றுவிடுவார். கிரந்தச் சுவடியோ பிழையற்ற செவிப்பயிற்சியோ இம்மரபுக்கு இன்றியமையாததாக இருந்தது. சேஷய்யா சொற்களை வாய்விட்டுக் கூறியதை வாரன் குறித்துள்ளமை இவ்வகையில் நோக்கத்தக்கது. ஒலிப்பு நழுவினால் எண் நழுவும்.

வடமொழிப் பாடங்களைத் தமிழில் அச்சிட்டோர் வருக்க எழுத்துகளை வேறுபடுத்த 2, 3, 4 என்னும் சிற்றெண்களை எழுத்தின் அருகே இட்டனர். க, ட, ப வருக்கங்களில் அச்சிற்றெண்ணே கடபயாதி மதிப்பாகவும் அமைகிறது. ச, த வருக்கங்களில் அதனோடு 5 கூட்டினால் போதும். அச்சுக்கலைஞர் இதனை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். வாக்கியங்களைக் கணிப்பொறியில் ஏற்ற முனைவோருக்கோ இது ஆயத்தமாக வாய்த்த வழி. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் தனியிடம் 2014இல்தான் கிடைத்தது என்பதை நினைக்க, இதன் பயன் விளங்கும்.

இதற்கிடையே பஞ்சாங்கக் கணிதம் வேறு திசையில் திரும்பிவிட்டிருந்தது. வாரன் பொறுப்பு வகித்த அதே சென்னை வானாய்வகத்தில் பின்னர்ப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். கண்ணால் காணும் நிலையோடு கணிதம் ஒத்திருக்க வேண்டும் என்று வாதிட்டு அவர் திருக்கணித முறையிலான பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955இல் அளித்த அறிக்கையில் இந்நெறியையே மேற்கொண்டது. 1956 மார்ச் 21இல் அயனாம்சம் 23 பாகை 15 கலை என வரையறுக்கப்பட்டது. குழுவின் செயலாளர் பெயரால் அது லாகிரி அயனாம்சம் என வழங்குகிறது.

1997இல் சூரிக் நகர நிறுவனம் ஒன்று சுவிஸ் எஃபெமெரிஸ் என்னும் நிரல் தொகுதியை வெளியிட்டது. அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடத்தின் கோள்நிலைத் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட அதில், அயனாம்சத்தைத் தேர்ந்துகொள்ள வழியுண்டு. மேலைச் சோதிட மென்பொருளில் இந்தியக் கணிதத்தைச் சேர்ப்பது இதனால் எளிதாயிற்று: கோளின் நிலையிலிருந்து அயனாம்சத்தைக் கழித்தல், சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை 12 பாகையால் வகுத்துத் திதி காணல், சந்திரனின் நிலையை 13 பாகை 20 கலையால் வகுத்து நட்சத்திரம் காணல். இதன் நன்மையைக் குறைத்துரைக்க வேண்டியதில்லை. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தைக் கோலார் தங்க வயலில் கையாளுவோர், அங்குச் சூரியன் ஏறத்தாழ 8 நிமிடம், அதாவது 20 விநாழிகை, பிந்தி உதிப்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும். அச்சிட்ட ஏட்டில் வாசகர் செய்யவேண்டிய இத்திருத்தத்தை மென்பொருள் தானே செய்துவிடுகிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் வேலைக்குச் செல்லும் தலைமுறைக்குப் பஞ்சாங்கம் கைப்பேசிக்குள் இருப்பது வசதியே.

குறை வேறிடத்தில் உள்ளது. இம்மென்பொருள்கள் பலவற்றில் தமிழ்ப் பஞ்சாங்கம் என்னும் பெயரில் இருப்பது அயனாம்சம் கழித்த திருக்கணிதமே. வாக்கியம் அயனாம்சப் பட்டியலில் சேர்க்கத்தக்க இன்னொரு தேர்வன்று. அது வேறொரு கணித முறை, வேறோர் அட்டவணை. விளைவு சிறிதன்று. சனி கும்ப இராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்ததோ வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. இடைவெளி 11 மாதங்கள். கைப்பேசியை நம்பி ஜனவரியில் கோயிலுக்குச் சென்றவர் அங்கு விழாவைக் கண்டிருக்க மாட்டார். எது சரி என்பது வானியலுக்குத் தெளிவான வினா. திருக்கணிதமே வானோடு ஒத்தது. கோயில் எதனைப் பின்பற்றுகிறது என்பது வழக்காற்று வினா. முதல் வினாவின் விடையை இரண்டாவதற்கும் தருவது மென்பொருளின் வேலையன்று. மொழியாய்வில் வழக்கை விதியால் திருத்தாமல் பதிவு செய்வது போன்றதே இதுவும்.

வாக்கியத்தை உள்ளவாறே நிரலாக்குவது கடினமன்று. 248 தொடர்களும் சில வகுத்தல்களும் இன்றைய கணிப்பொறிக்கு ஒரு சுமையே அல்ல. கோள்களுக்குரிய வாக்கியங்களும் கிடைக்கின்றன. பாடபேதங்களை ஒப்பிட்டுத் தூய பாடம் காண்பதே உழைப்பு. அதற்குக் கணிதரோடு சுவடியியலாரும் வேண்டும். நிரல் சரியாக அமைந்ததா என்று காண ஓர் உரைகல்லும் வாரன் புண்ணியத்தால் உள்ளது. 1825 மே 31 கிரகணத்தைச் சேஷய்யாவின் முறைப்படி அதனிடம் கணிக்கச் சொல்ல வேண்டும். தொடக்கம் 4 நிமிடம் கூடி, நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் குறைந்து விடை வரவேண்டும். கிரகணம் உண்மையில் நிகழ்ந்த நேரத்தையே அது காட்டுமாயின், நிரலில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது.