மலைக் கிராமத்திலிருந்து வந்த கடிதம்

மாணவரின் குறைகளைப் பரிவோடு கேட்டல் வேண்டும் என்பது ஆசிரியருலகில் அடிக்கடி ஒலிக்கும் அறிவுரை. கேட்டபின் எது மாறுகிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவுக்கு விடை தேடுவோர், இத்தாலிய மலைக் கிராமமொன்றின் மாணவர்கள் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட கடிதமொன்றின் வரலாற்றை அறிதல் நன்று.

புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே, முஜெல்லோ மலைப்பகுதியிற் சிதறிக் கிடந்த சில குடியானவர் வீடுகளின் பெயரே பார்பியானா. லொரென்சோ மிலானி என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1954 டிசெம்பரில் அங்கு அனுப்பப்பட்டார். செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்திற் பிறந்த அவர், முன்னர் பணிபுரிந்த ஊரில் தொழிலாள இளைஞருக்கு இரவுப் பாடசாலை நடத்தியவர். வீதியும் மின்சாரமும் எட்டாத இடத்திற்கு அவரை மாற்றியதை நாடுகடத்தல் என்றே பலரும் கொண்டனர். மிலானியோ அங்கும் ஒரு பாடசாலையைத் தொடங்கினார்.

அக்கால இத்தாலியின் கல்விநிலையை ஈண்டு நோக்குதல் அவசியம். 8 ஆண்டுக் கல்வி யாவருக்கும் கட்டாயமும் இலவசமுமாகும் என 1948 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புக் கூறியது. எனினும், உயர்கல்விக்குச் செல்வோருக்கு இலத்தீனோடு கூடிய ஒரு பாடசாலை, உழைக்கப் போவோருக்கு வேறொன்று எனப் பிள்ளைகள் 11 வயதிலேயே பிரிக்கப்பட்டனர். 1962 டிசெம்பரில் நிறைவேறிய சட்டமே 14 வயது வரை யாவருக்கும் பொதுவான பாடசாலையை நிறுவியது. சட்டம் கதவைத் திறந்தது. பரீட்சை அதனை மூடியது. ஒரே வகுப்பில் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்ட ஏழைப் பிள்ளைகள், வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பினர்.

இவ்வாறு தள்ளப்பட்டோரே மிலானியின் மாணாக்கர். ஏழைப் பிள்ளையின் மௌனம், மொழி அவனுக்கு மறுக்கப்பட்டதன் விளைவு என்பது அவரது உறுதியான கருத்து. ஆதலால், விளங்காத மாணவன் ஒருவன் இருக்கும்வரை பாடம் மேலே நகரவில்லை. பத்திரிகை உரத்து வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டது. மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். இதனை மென்மையான பாடசாலை என எவரும் மயங்குதல் கூடாது. விடுமுறையில்லை, விளையாட்டு நேரமில்லை, ஆசிரியரோ கண்டிப்பு மிக்கவர். ஆனால், தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்ற உறுதி மாணவருக்கு அங்கே கிடைத்தது.

அங்கு பயின்று, ஆசிரியராகும் நோக்குடன் பயிற்சிப் பாடசாலை சென்ற மாணவர் பரீட்சையில் வீழ்த்தப்பட்டனர். அதன் எதிரொலியே 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல். எட்டு மாணவர் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து அதனை எழுதினர். ஒவ்வொருவரின் எண்ணங்களும் தனித்தனித் தாள்களிற் குறிக்கப்பட்டன. தாள்கள் மேசையிற் பரப்பப்பட்டு, ஒத்தவை சேர்க்கப்பட்டு, அத்தியாயங்களாயின. மிகையான சொற்கள் வெட்டப்பட்டன. அவர்கள் முறைப்பாட்டோடு நின்றுவிடவில்லை. வகுப்பில் விழுந்தோரின் தந்தையர் என்ன தொழிலர் எனப் புள்ளிவிபரம் திரட்டினர். சோம்பேறியென்றும் மந்தபுத்தியென்றும் தனித்தனியே பழிக்கப்பட்டவர்கள், அட்டவணையில் ஒரு வர்க்கமாகக் காட்சியளித்தனர். மாணவரை வீழ்த்தாதிருத்தல், பின்தங்கியோருக்கு முழுநாட் பாடசாலை, ஊக்கமற்றோருக்கு ஒரு குறிக்கோள் என மூன்று சீர்திருத்தங்களை அக்கடிதம் கோரியது.

நூல் 1967 மே மாதத்தில் வெளிவந்தது. அடுத்த மாதம் 26 ஆம் நாள் மிலானி தமது 44 ஆவது வயதில் மறைந்தார். 1968 இன் மாணவர் போராட்டங்களில் அந்நூல் பெருவழக்காயிற்று. ஆரம்பப் பாடசாலைகளில் முழுநாட் கல்விக்கு இடமளித்த சட்டம் 1971 இலும், கட்டாயக் கல்விப் பருவத்து மறுபரீட்சைகளை ஒழித்த சட்டம் 1977 இலும் நிறைவேறின. இவற்றை ஒரு நூலின் சாதனையாக மட்டும் கொள்ளலாகாது. தொழிலாளர், பெற்றோர், ஆசிரியர் எனப் பலரின் போராட்டம் இவற்றின் பின்னே நின்றது. ஆயினும், பரீட்சையில் விழுந்த பிள்ளைகளே அப்போராட்டத்திற்குத் தம் சான்றை எழுதிக் கொடுத்தனர் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

மாணவன் தனியே கலங்கும்போது ஆறுதல் கூறுதல் எளிது. அவன் தன் நிலைமையை எழுத்தாலும் எண்ணாலும் எடுத்துக் காட்டும்போது, பிழை நமது புள்ளியேட்டிலும் இருக்கலாம் என ஏற்றலே அரிது. சென்ற தவணையில் நம் வகுப்பிற் பின்தங்கியோர் யாவர்? அவர்தம் பெற்றோர் செய்யும் தொழில் யாது? காரணத்தை அப்பிள்ளைகளிடமே நாம் கேட்டதுண்டா? இக்கணக்கை எடுக்கத் துணியும் ஆசிரியரே மாணவருக்குச் செவிசாய்க்கத் தொடங்குகிறார்.