வட திருநெல்வேலி மிஷன்
சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) 1854-இல் தொடங்கிய ஊர்சுற்றும் நற்செய்திப் பணி. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் (1815–1858) இதை நிறுவினார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் உடன் உழைத்தனர். தெற்கே மெஞ்ஞானபுரத்தில் தூய பவுல் ஆலயம் கோத்திக் பாணியில் எழுந்த அந்நாளில், இங்கே கூடாரமே குருமனை. கரிசல் மண்ணில் கூடாரமடித்து, சுற்றுக் கிராமங்களில் பிரசங்கம் செய்து, அடுத்த ஊருக்குப் பெயர்வார்கள். தென்பகுதிச் சபைகள் தமிழ் உபதேசியார்களை முறைவைத்துத் துணைக்கு அனுப்பின. ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் காலமானார். பின்னர் அருகிலுள்ள சாட்சியாபுரம் பணிமையமாயிற்று. 1947-இல் இச்சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன.