மணியோசையில் வேரூன்றிய விசுவாசம்

திருமுழுக்கு ஒரு நாளில் நிறைவேறிவிடுகிறது. கிறிஸ்தவ வாழ்வோ நாள்தோறும் நிறைவேற வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கடப்பது எவ்வாறு? திருச்சபை எல்லாக் காலத்திலும் சந்தித்து வந்துள்ள இவ்வினாவுக்கு நம் சொந்தக் கடற்கரையின் வரலாறே ஒரு விடையைத் தந்திருக்கிறது.

முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர்கள், முத்துக்குளிப்பு உரிமையைப் பற்றி எழுந்த பூசல்களால் நெருக்குண்டு, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அதையொட்டி 1536, 1537 ஆண்டுகளில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால், அதன்பின் அவர்களோடு தங்கி, அவர்தம் மொழியில் மறையுண்மைகளைக் கற்பிப்பார் இல்லை. 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரியாத மக்களையே கண்டார். பெயர் இருந்தது, அப்பெயருக்குரிய வாழ்வு இனிமேல்தான் அமைய வேண்டியிருந்தது.

அம்மக்களிடையே சவேரியார் செய்தது என்ன? போர்ச்சுக்கீசிய மொழி அறிந்த உள்ளூரார் சிலரின் துணைகொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழில் அமைத்தார். பின்பு கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, நாளொன்றுக்கு இருமுறை சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். சிறுவர் தாம் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். நோயுற்றோர் இல்லங்களுக்கெல்லாம் தாமே செல்ல இயலாதபோது, செபங்களை அறிந்த சிறுவரை அனுப்பி, அங்குள்ளோரைக் கூட்டிச் செபிக்கச் செய்தார். ஊரைவிட்டுப் புறப்படும்போது செபங்களின் பிரதியொன்றை அங்கே விட்டுச்சென்றார். எழுதத் தெரிந்தவர் அதைப் படியெடுத்து, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பது அவர் இட்ட ஏற்பாடு. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இவற்றையெல்லாம் எடுத்துரைக்கிறது.

இவ்வேற்பாட்டின் எளிமையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். குறித்த வேளை, சில சொற்கள், வீட்டாரின் கூட்டு: இவ்வளவே. குரு ஒருவர் ஓராண்டில் எத்தனை முறை ஓர் ஊருக்கு வர இயலும்? ஆனால் காலையும் மாலையும் நாள் தவறாமல் வரும். ஆகவே விசுவாசத்தைத் தமது வருகையின்மீது கட்டாமல், காலை மாலையின்மீது கட்டினார் அப்பெரியார்.

அந்தச் செபங்கள் குறையற்றவையாகவும் இல்லை. 1544-இல் தம் உடன் உழைப்பாளர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தில் ஒரு திருத்தத்தைச் சவேரியார் குறிப்பிடுகிறார். 'விசுவாசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் அதுவரை 'வேணும்' என்றே இருந்துவந்தது! நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, வேண்டும் என்று அம்மக்கள் சொல்லிவந்திருக்கின்றனர். இதைக் கண்டு நகைப்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நம் செபங்கள் பலவும் 'வேண்டும்' என்ற சொல்லிலேதானே தொடங்குகின்றன? நாள்தோறும் சொல்லப்பட்டதனாலேயே அப்பிழை வெளிப்பட்டது, திருத்தவும் பட்டது. சொல்லப்படாத செபத்தை யாரால் திருத்த இயலும்?

அத்திருத்தப் பணியை முழுமையாக்கியவர் அருட்தந்தை அன்றீக்கு அன்றீக்கசு. 1547-இல் இக்கரைக்கு வந்த அவர், தமிழை முறையாகக் கற்று, 1600-இல் இறக்கும்வரை இம்மக்களுக்காகவே உழைத்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என நாம் போற்றும் அது, பதினாறே பக்கங்கள் கொண்ட மறைக்கல்விச் சிறுநூல். மறு ஆண்டில் வினாவிடை வடிவிலான 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. தமிழ் அச்சின் தொடக்கமே எளிய மக்களின் அனுதின செபத்தோடு இணைந்திருப்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

இவ்வழக்கத்துக்குப் பெருஞ்சோதனை 1658-இல் வந்தது. அவ்வாண்டில் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் குருக்களுக்குப் புகலிடம் தருவதே கடுங்குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1687-இல் கோவாவிலிருந்து புனித யோசேவ் வாஸ் ஏழை யாசகர் கோலத்தில் அங்கு மறைவாக வந்து சேர்ந்தார். கத்தோலிக்கரை அடையாளம் காண அவர் கையாண்ட வழி, கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகச் சென்றது என்பர். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் இருந்தனர்! பலி நிறைவேற்றக் குரு இல்லாத அந்த ஆண்டுகளில், விசுவாசம் இல்லங்களுக்குள்ளே உயிரோடு இருந்தது. சில்லாலை ஊரார் அவரை வரவேற்றுக் காத்தனர். 2015 சனவரி 14 அன்று கொழும்பு நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் அறியப்படாத அந்தக் குடும்பங்களும் மறைமுகமாகப் பெருமை பெற்றன எனலாம்.

பழக்கச் செபம் வெறும் உதட்டுச் செபம் அன்றோ எனச் சிலர் கேட்பதுண்டு. உள்ளம் ஒன்றாத சொல் பயனற்றது என்பது உண்மையே. ஆயினும், உள்ளம் வறண்டு கிடக்கும் நாளில், மனப்பாடமான சொற்களே நம்மைத் தாங்குகின்றன. நோயின் படுக்கையிலும் இழவு வீட்டிலும் புதிய சொற்களைத் தேட யாருக்கு வலிமை இருக்கிறது? அந்நேரத்தில் நாவில் எழுவது, குழந்தைப் பருவத்தில் அன்னை சொல்லித்தந்த செபம் அன்றோ?

இன்று நமக்குத் தடையேதும் இல்லை. ஆலயங்கள் திறந்திருக்கின்றன, குருக்கள் நம் நடுவே இருக்கின்றனர், விவிலியம் நம் மொழியில் கையில் இருக்கிறது. எனினும், மாலையில் வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் அமர்வதே பல இல்லங்களில் அரிதாகிவிட்டது. ஒல்லாந்தரின் ஆணையால் அணையாத வீட்டு விளக்கு, வேலைப்பளுவாலும் தொலைக்காட்சியாலும் கைப்பேசியாலும் அணைந்துபோகலாமா?

பெரிய தீர்மானங்கள் தேவையில்லை. காலையில் எழுந்ததும் ஒரு சிலுவை அடையாளம். இரவில் உறங்குமுன் அந்த நாளைப் பற்றிய சிறு ஆன்மசோதனை. வீட்டார் கூடியிருந்து சொல்லும் பத்து மணிச் செபம். இவற்றைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள குழந்தையிடம் ஒப்படைப்போம். அன்று முத்துக்குளித்துறையில் மணியோசை கேட்டு ஓடிவந்த சிறுவர்களே ஓர் இனத்தின் விசுவாசத்தைக் கட்டியெழுப்பினர். நம் இல்லத்தின் விசுவாசத்தையும் நம் குழந்தைகள் கட்டியெழுப்பட்டும்.