ரோமானிய பிரிட்டனில் கிளாடியேட்டர் சண்டைகள்

கிளாடியேட்டர் சண்டை என்பது பார்வையாளர் முன் ஆயுதம் ஏந்திய வீரர்கள் மோதும் ரோமானியக் கேளிக்கை. கி.பி. 43இல் ரோமர் கைப்பற்றத் தொடங்கிய பிரிட்டானியா மாகாணத்தில் இது எவ்வாறு நடந்தது என்பதை அரங்குகள், கலைப்பொருட்கள், எலும்புகள் ஆகியவற்றைக் கொண்டே பெரிதும் அறிய முடிகிறது.

அரங்குகள்

வேல்ஸ் பகுதியின் கேர்லியனில், ஏறத்தாழ கி.பி. 90இல் கட்டப்பட்ட படையணி அரங்கு 1926–27இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அப்பணியை மார்டிமர் வீலரும் அவர் மனைவி டெசாவும் நடத்தினர். பின்னர் 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தவரும் இந்த வீலரே. லண்டனில் கில்டுஹால் முற்றத்தின் அடியில் 1988இல் ஓர் அரங்கு வெளிப்பட்டது. முதலில் மரத்தால் அமைந்த அது, இரண்டாம் நூற்றாண்டில் கல்லால் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் படைப்பயிற்சி, விழா, மரணதண்டனை ஆகியவற்றுக்கும் அரங்குகள் பயன்பட்டதால், கட்டடம் மட்டும் கிளாடியேட்டர் சண்டைக்குச் சான்றாகாது.

கலைப்பொருட்கள்

சஃபோக்கின் ஹாக்டனில் 1965இல் கிடைத்த வெண்கலத் தலைக்கவசம், படைவீரர் அணிவதைவிடக் கனமானது; அதனால் கிளாடியேட்டருடையதாகக் கருதப்படுகிறது. கோல்செஸ்டரில் 1853இல் ஒரு கல்லறையில் கிடைத்த மண்குடம் இன்னும் முக்கியமானது. ஏறத்தாழ கி.பி. 160–200 காலத்தைச் சேர்ந்த அதில் மெம்னோன், வாலன்டினஸ் என்ற இருவரின் மோதல் புடைப்பாகக் காட்டப்பட்டுள்ளது. மெம்னோன் ஒன்பது வெற்றி கண்டவன் என்கிறது எழுத்துப் பொறிப்பு. வாலன்டினஸின் பெயரோடு ஜெர்மனி எல்லையில் இருந்த முப்பதாம் படையணி குறிக்கப்பட்டிருப்பதால், குடம் வேறிடத்துச் சண்டையைக் காட்டுவதாகவும் கருத இடமிருந்தது. 2023இல் வெளியான ஆய்வு, குடம் உள்ளூர்க் களிமண்ணில் செய்யப்பட்டது, சுடுவதற்கு முன்பே பெயர்கள் பொறிக்கப்பட்டன எனக் காட்டியது. எனவே உள்ளூரில் நடந்த ஒரு சண்டையின் நினைவாக அது வனையப்பட்டிருக்கலாம்.

எலும்புகள்

யார்க்கின் டிரிஃபீல்டு டெரசில் 2004–05இல் ஏறத்தாழ 80 புதைகுழிகள் அகழப்பட்டன. பெரும்பாலானோர் இளம் ஆண்கள். பலர் தலை துண்டிக்கப்பட்டவர்கள். ஆறிய காயங்களின் தழும்பும் எலும்புகளில் உள்ளது. இவர்கள் கிளாடியேட்டர்களா, படைவீரர்களா, தண்டனை பெற்றவர்களா என்ற விவாதம் தொடர்ந்தது. ஒருவரின் இடுப்பெலும்பில் இருந்த பல்தடங்களை உயிர்க்காட்சிசாலை விலங்குகளின் கடிதடங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது பெரும்பூனை இன விலங்கின், அநேகமாகச் சிங்கத்தின் கடி என 2025இல் அறிவித்தனர். அவர் அரங்கில் விலங்கோடு மோதியதை இது காட்டலாம்; ஆயினும் யார்க்கில் அரங்கு எதுவும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை.