இலங்கையில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்வி

இந்தியா 1951இல் கரக்பூரில் தொடங்கிய ஐ.ஐ.டி.யைப் பின்னர் தனிச் சட்டத்தின்கீழ் நாடளாவிய குடும்பமாக வளர்த்தது. இலங்கையிலோ தொழில்நுட்பக் கல்வி பொதுப் பல்கலைக்கழக முறைக்குள் படிப்படியாக உள்வாங்கப்பட்டது. 1893இல் மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, பிற்காலத்தில் லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் ஈ. ஓ. ஈ. பெரேராவை முதல் பீடாதிபதியாகக் கொண்டு கொழும்பில் அமைந்து, 1960களின் நடுவில் பேராதனையில் மகாவலிக் கரைக்கு வந்தது. மண் பொறியியலில் பெயர்பெற்ற அழகையா துரைராஜாவும் பின்னாளில் இங்கே பீடாதிபதியாக இருந்தார். பட்டதாரிப் பொறியியலாளரை உருவாக்கியதில் நாடு பெருமைப்படலாம். சறுக்கியது அதற்குக் கீழ்ப்படியில், தொழில்நுட்ப உத்தியோகத்தரை உருவாக்குவதில்.

அந்தப் படிக்காகவே 1960இல் கட்டுபெத்தவில் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் திறக்கப்பட்டது. அணைக்கட்டு வேலையில் கொங்கிறீற் ஊற்றுமுன் கூம்பு அச்சில் கலவையை நிரப்பி, கம்பியால் குத்தி இறுக்கி, அச்சை நேராகத் தூக்கி, கலவை எத்தனை மில்லிமீற்றர் அமர்கிறது என்று அளந்து, ஊற்றலாமா என்று சொல்பவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் கணிப்புப் பிழைத்தால் வரைபடம் திருத்தமாக இருந்தும் பயனில்லை. ஆனால் நிறுவகம் 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கிய ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. கண்டிக்கு அருகே பொல்கொல்லை அணை 1976இலும் விக்டோரியா 1985இலும் திறக்கப்பட்ட காலம் அது. இத்தகைய ஆட்கள் மிகவும் வேண்டியிருந்தபோதுதான் அவர்களுக்கென எழுந்த நிறுவகம் பட்டத்தை நோக்கி உயர்ந்துவிட்டது.

கட்டுபெத்தவில் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கான தேசிய டிப்ளோமா நிற்கவில்லையே என்று கேட்கலாம். நிற்கவில்லைதான்; ஆனால் பட்டப்படிப்பே முதன்மையான வளாகத்தில் அது இரண்டாம் இடத்திலேயே இருந்தது. அதற்கென மொறட்டுவையின்கீழ் தனி நிறுவகம் அமைந்தது 2000இல்தான். சம்பளமும் பதவி உயர்வும் பட்டத்தைப் பார்த்தே தரப்படும்போது நிறுவகங்கள் பட்டத்தை நாடுவதில் என்ன பிழை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது நியாயமே. பிரித்தானியாவின் பொலிடெக்னிக்குகளும் 1992இல் பல்கலைக்கழகங்களாயின. எனினும், ஒரு படி மேலே போகும்போது அதன் இடத்தை உடனே நிரப்புவது அரசின் கடமை. இங்கே உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்துக்கான சட்டம் 1995இல்தான் வந்தது. தொழில் தகைமையுடன் வருவோரையும் பட்டத்துக்கு அழைத்துச்செல்லும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டி நகரின் மஹய்யாவையிலிருந்து பேராதனைப் பொறியியல் பீடம் சில கிலோமீற்றர்தான். ஆனால் அதன் வழமையான வாசல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. அந்தப் புள்ளி எட்டாத பிள்ளைக்குக் கண்டி நகரிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. அங்கே டிப்ளோமா பெற்றவரின் படிப்பை அலகுகளாகக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் நிச்சயமான ஒரு தொகையினரைப் பேராதனையின் இடையாண்டில் சேர்ப்பது, புதிய பல்கலைக்கழகம் கட்டுவதைவிட மலிவானது, அவசரமானதும்கூட.