கோட் ஓடலையா? குரூப்புல கேட்கும் முன் இதைக் கவனிங்க!

"ப்ரோ, கோட் ஓட மாட்டேங்குது. ஹெல்ப் ப்ளீஸ்!"

புரோகிராமிங் கற்றுக்கொள்பவர்களின் டெலிகிராம், வாட்ஸ்அப், டிஸ்கார்டு குரூப் எதைத் திறந்தாலும் இந்த மெசேஜ் கண்ணில் படும். கூடவே, லேப்டாப் திரையை மொபைலில் சாய்வாக எடுத்த ஒரு போட்டோ. டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி வரிகள் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அதே ஆளிடமிருந்து, "இங்க யாருமே ரிப்ளை பண்ண மாட்டாங்க" என்று புலம்பல் வரும். உதவ மனசில்லாமல் இல்லை பாஸ். போட்டோவைப் பார்த்து 60 வரியையும் டைப் அடித்தால்தான் ஓட்டிப் பார்க்க முடியும் என்றால், யார் உட்காருவார்கள்?

அதனால் டெக்ஸ்ட்டாகப் போடுங்க. வெப் பேஜில் பட்டன் இடம் மாறி நிற்கிறது என்பது போல, பார்த்தால்தான் புரியும் பிரச்னைக்கு ஸ்கிரீன்ஷாட் ஓகே.

டெக்ஸ்ட்டிலும் ஒரு வம்பு இருக்கு. நட்சத்திரக் குறியையும் அடிக்கோட்டையும் பார்த்தால், எழுத்தை அலங்கரிக்கச் சொல்கிறோம் என்று சாட் ஆப்கள் நினைத்துக்கொள்ளும். பைத்தானில் 'இனிட்' என்ற பெயருக்கு முன்னும் பின்னும் வரும் இரட்டை அடிக்கோடுகளை டிஸ்கார்டு விழுங்கிவிட்டு, பெயருக்குக் கீழே கோடு இழுத்து வைக்கும். நீங்க எழுதினது ஒன்று, அவர் படிப்பது வேறொன்று! இதற்கு மருந்து ``` என்ற குறி. பேக்டிக் என்பார்கள். லேப்டாப் கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் பட்டன். கோட் தொடங்கும் முன் மூன்று தட்டு, முடிந்ததும் மூன்று தட்டு. இந்த மூன்று ஆப்களிலும் வேலை செய்யும். பைத்தானுக்கு உயிரான வரித் தொடக்க இடைவெளியும் கலையாது.

அதற்காக 500 வரியையும் கொட்டிடாதீங்க. 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேள்வி கேட்பவர்களிடம் எதிர்பார்ப்பது, அதே எரரை மறுபடி வரவைக்கும் மிகச் சிறிய கோட். சம்பந்தமில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிப் பாருங்க. பல நேரம் குரூப் பக்கம் போகும் முன்பே திருடன் மாட்டிக்கொள்வான். மாட்டவில்லையா? எரர் மெசேஜை முழுசாகப் போடுங்க. பைத்தானில் கடைசி வரி என்ன எரர் என்று சொல்லும். எங்கே வந்தது என்பது அதற்கு மேலேதான் இருக்கும். என்ன எதிர்பார்த்தீங்க, என்ன வந்தது, எந்த வெர்ஷன் என்பதையும் இரண்டு வரியில் சொல்லிடுங்க.

இனி சொல்வது கொஞ்சம் சீரியஸ். 'சென்ட்' தட்டும் முன் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்க. கிளவுட் கீ வெளியே போனால், அதை வைத்து யாரோ சர்வர் ஓட்டுவார்கள். பில் உங்க தலையில் வரும். பொதுவில் விழும் கீகளைத் தேடிப் பொறுக்கவே பாட்கள் சுற்றுகின்றன. கிட்ஹப்பில் ஃபைலை டெலீட் செய்தாலும் பழைய கமிட்டில் கீ அப்படியே இருக்கும். 'சீக்ரெட்' கிஸ்ட் என்ற பெயரை நம்பாதீங்க. லிங்க் கிடைத்தவர் எவரும் திறக்கலாம். ஆகவே கசிந்தது தெரிந்தால், மெசேஜை அழிப்பதற்கு முன் அந்த கீயையே ரத்து செய்து புதுசு வாங்குங்க.

ஆபீஸ் கோட் விஷயமும் இதே மாதிரிதான். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம், இன்டர்ன் என்றாலும் உங்களைக் கட்டுப்படுத்தலாம். பெயர்களையும் டேட்டாவையும் மாற்றி, அதே பிரச்னையைக் காட்டும் சின்ன மாதிரியைப் புதிதாக எழுதிப் போடுங்க. டெஸ்ட் டேட்டாவில் நிஜ கஸ்டமரின் போன் நம்பர் இருந்தால், அது அவருடைய சொத்து.

பதில் சொல்பவர்களுக்கும் ஒன்று. சாட்ஜிபிடி கொடுத்ததை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஒட்டுவது இப்போ ஃபேஷன். பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் தவறானவை அதிகம் என்று, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அதற்குத் தடை போட்டது. ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏஐ எழுதியது என்று சொல்லியே போடுங்க.

பிரச்னை தீர்ந்ததும் "சால்வ்டு, தேங்க்ஸ்" என்று மட்டும் போட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆறு மாதம் கழித்து அதே எரரோடு வேறொருவர் குரூப்பில் தேடி, உங்க மெசேஜில் வந்து நிற்பார். எந்த வரியை மாற்றினீங்க என்று அதிலேயே எழுதிடுங்க.